நத்தைகளை மாற்றி வைத்த மகனுக்கு

நிதர்சன், இந்தக் கடிதத்தை நீயே வாசிக்க வேண்டும். என் மருமகள் தர்ஷியிடம் நீட்டி, "அம்மா என்ன எழுதியிருக்கிறா, சுருக்கமாச் சொல்லும்" என்று கேட்காதே. எழுத்துக்கூட்டி வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும். எடுக்கட்டும். ரெலிபோனில் சொன்னால், "அம்மா, காரில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்பாய். நேரில் சொன்னால் பாதியில் பிரெஞ்சுக்கு மாறிவிடுவாய். அந்த மொழியில் பள்ளிக்கூடக் கன்ரீனில் முப்பது பிள்ளைகளை அடக்க எனக்குத் தெரியும், உன்னோடு சண்டை பிடிக்க வேகம் போதாது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதுதான் எழுதுகிறேன். நான் கோபமாக இருக்கிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று ஒரு மாதம் பொறுத்தும் பார்த்தேன். ஆறவில்லை.

உன் மாமனார் வீட்டில், "நத்தை செத்ததுக்கோ இவ்வளவு கோபம்?" என்று கேட்டார்களாம். நீயும் சிரித்தாயாம். அவர்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ லிசேயில் மேல்வகுப்புப் படித்த காலத்தில், நான் வேலை பார்த்த மத்தெர்னெல் என்கிற பாலர் பள்ளிக்கூடத்தில், ஆசிரியை சோலேன் ஒரு கண்ணாடித் தொட்டியில் குளத்து நத்தைகள் வைத்திருந்தார். கோடை விடுமுறை வந்ததும் தொட்டியைக் கழுவி வைக்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். தண்ணீரோடு நத்தைகளையும் சிங்கில் ஊற்ற வேண்டும். எனக்கு ஊற்ற மனம் வரவில்லை. ஒரு சட்டியில் மூடிக்கொண்டு லா ஷப்பெல்லில் நம் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நம் கட்டட முற்றத்தில் ஒரு பழைய கல்தொட்டி இருக்கிறதே, எல்லோரும் சிகரெட் நுனியைப் போடுகிற தொட்டி, அதைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி விட்டேன். நீ ஜன்னலில் நின்று, "அம்மா, கறி வைக்கப் போறீங்களோ?" என்று கேட்டாய்.

அந்தக் கோடையிலேயே அவை முட்டையிட்டன. இலையின் அடியில் கண்ணாடிக் கூழ் போல ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே கடுகிலும் சிறிய புள்ளிகள். நீ உன் கைத்தொலைபேசியால் அதைப் படமெடுத்துப் பெரிதாக்கி, புள்ளி சுற்றுகிறது என்று எனக்குக் காட்டினாய். அந்தப் புள்ளிக்குள் ஓடு வளர்வதை நாம் இருவரும்தான் பார்த்தோம். ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டும் என்று அறிந்து, மீன்கடை அண்ணையிடம் கணவாய் ஓடு கேட்டு வாங்கி மிதக்க விட்டேன். அவர் அதை எறியாமல் எனக்காக எடுத்து வைக்கத் தொடங்கினார். கீரைத் தண்டை அவித்துப் போட்டேன். கூடப் போட்டால் தண்ணீர் நாறும் என்பதையும் மூக்கால் அறிந்தேன். குளிர்தான் பெரிய பிரச்சினை. முதல் வருடம் தொட்டியிலேயே விட்டேன். தண்ணீர் அடிவரை இறுகி, ஒன்றும் மிஞ்சவில்லை. திரும்பவும் சோலேனிடம் வாங்கி வந்தவற்றை இரண்டாம் வருடம் குசினிக்குள் வைத்தேன். சூட்டில் அவை தூங்கவில்லை. குளிர்காலம் முழுக்கத் தின்றன, முட்டையிட்டன, குஞ்சு பொரித்தன, தண்ணீர் கெட்டு ஒவ்வொன்றாய்ச் செத்தன. மிஞ்சிய சிலவற்றை மூன்றாம் வருடம் வாளியில் விட்டு, சேறும் பழுத்த இலையும் போட்டு, கீழே காவுக்குள், அந்த இருட்டு நிலவறைக்குள் இறக்கி வைத்தோம். வாளியைத் தூக்கியது நீ. அங்கே குளிர் இருக்கும், ஆனால் உறையாது. அவை சேற்றுக்குள் போய், தின்னாமல், அசையாமல், தோலால் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தன. மார்ச்சில் மேலே கொண்டு வந்தபோது எல்லாம் உயிரோடு இருந்தன. "அம்மா, இதுகளுக்குக் குளிர்தான் நல்லம்" என்று சொன்னது நீதான். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று மட்டும் எனக்குச் சொல்லாதே.

அதன் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் பள்ளிக்கூட வகுப்புகளுக்கு முட்டையும் குஞ்சும் கொடுத்து வருகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நிறுத்தவில்லை. மே மாதத்தில் சோலேன் பிள்ளைகளைக் கை கோத்து நடத்திக்கொண்டு நம் முற்றத்துக்கே வருகிறார். அவர்கள் தொட்டியைச் சுற்றிக் குந்தியிருந்து ஆளுக்கொரு நத்தைக்குப் பெயர் வைப்பார்கள். இதை நீ தர்ஷியின் வீட்டாருக்கு, "அம்மாவின்ர பொழுதுபோக்கு" என்று அறிமுகம் செய்தாய். நீ கணினியில் செய்வது வேலை, நான் செய்வது பொழுதுபோக்கு. சரி, அன்று நான் பேசாமல் தேநீர் குடித்தேன். இன்று சொல்கிறேன், அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

போன நவம்பரில் நான் விழுந்ததைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் அதைத்தான் நீ எல்லாவற்றுக்கும் காரணமாய்க் காட்டுகிறாய். காவுப் படியில் வாளியோடு இறங்கும்போது கால் வழுக்கியது, இடுப்பெலும்பு முறிந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மதாம் ரோசா சத்தம் கேட்டு வந்து அம்புலன்ஸ் கூப்பிட்டார். நீ திரான்சியில் உன் வீட்டிலிருந்து ஓடி வந்தாய். என்னைத் தூக்கிக்கொண்டு போகிறபோது நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "தம்பி, நத்தையள் படியில சிந்திக் கிடக்குது. பொறுக்கி காவுக்குள்ள வைச்சு விடு." "ஓம் அம்மா, நான் பாக்கிறன், நீங்கள் கவலைப்படாதேங்கோ" என்றாய். வேலைக்குப் போகிற சேட்டோடு படியில் முழங்காலில் நின்று நீ ஒவ்வொன்றாய்ப் பொறுக்கியதாக மதாம் ரோசா பிறகு எனக்குச் சொன்னார். அதைக் கேட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அழுதேன். அந்த நல்லதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் பொறுக்கிய கை அவற்றைக் காவுக்குள் வைக்கவில்லை. காரில் ஏற்றித் திரான்சிக்குக் கொண்டு போய், ஹீற்றர் பூட்டிய கண்ணாடித் தொட்டியில், வரவேற்பறைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தது.

சத்திரசிகிச்சை முடிந்தது. நடக்கப் பழக்குகிற ஆஸ்பத்திரியிலும் நெடுநாள் கிடந்தேன். நீ வரும்போதெல்லாம் கேட்டேன். "நத்தையள் என்ன பாடு?" "எல்லாம் சுகம் அம்மா." பிறகு உன் வீட்டுக்குக் கூட்டிப் போனாய். வாசலில் சப்பாத்துக் கழற்ற முன்பே, "வாங்கோ அம்மா, பாருங்கோ" என்று தொட்டிக்கு முன் என்னை நிறுத்தினாய். தண்ணீர் குடிக்கலாம் போலத் தெளிவாக இருந்தது. இரண்டு பொன்மீன்கள் ஓடித் திரிந்தன. கண்ணாடியில் சில நத்தைகள் ஒட்டியிருந்தன. "பாத்தீங்களோ, எல்லாரும் சந்தோசமா இருக்கினம்" என்றாய். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

நிதர்சன், அவை என் நத்தைகள் அல்ல. குளிர் கண்ட நத்தையின் ஓட்டில், வளர்ச்சி நின்று மறுபடி தொடங்கிய இடத்தில், ஒரு தடித்த வரி இருக்கும். என்னுடையவை கபிலம், கல்லில் உரசித் தேய்ந்தவை. உன் தொட்டியில் இருந்தவை இளஞ்சிவப்பு, வரி இல்லாமல் மினுங்கின. கடையில், வெந்நீரில், குளிர் என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்தவை. நான் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்தேன். நீ தொலைக்காட்சியின் பக்கம் பார்த்தாய். அந்த நேரமே கேட்டிருப்பேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். இரவுச் சாப்பாட்டில் சொல்வாய் என்று நினைத்தேன். நீ புட்டைப் பிசைந்துகொண்டு வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிப் பேசினாய்.

மறுநாள் நீ வேலைக்குப் போன பிறகு தர்ஷி தேநீரோடு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"மாமி, உங்களுக்கு விளங்கியிட்டுது, என்ன?"

"என்னத்தை?"

"அது வேற நத்தையள் எண்டு."

"ஓம் பிள்ளை. நேற்றே விளங்கியிட்டுது. என்ன நடந்தது?"

அவள் சொன்னாள். சூட்டில் விழித்த நத்தைகள் செடியையெல்லாம் தின்று தண்ணீரைப் பச்சையாக்கிவிட்டன. தொட்டி வெறுமையாய்த் தெரிகிறது என்று நீ மீன்களை வாங்கி விட்டாய். அவை நத்தைகளின் கொம்பைக் கடித்தன. பிறகு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஆட்கள் விருந்துக்கு வருகிறார்கள், தண்ணீர் அசிங்கமாய் இருக்கிறது என்று கடையில் பாசி கொல்லும் மருந்து ஒன்று வாங்கி ஊற்றினாய். அதில் செம்பு. மீனுக்குப் பரவாயில்லை, நத்தைக்கு நஞ்சு. அதுவும் போத்தலின் பின்புறத்தில், நீ என்னைவிட நன்றாய் வாசிக்கிற பிரெஞ்சில் எழுதியிருந்தது. காலையில் பார்த்தபோது தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிந்திருந்தது, நத்தைகள் எல்லாம் ஓட்டிலிருந்து பாதி தொங்கியபடி அடியில் கிடந்தன. மீன்கள் அவற்றுக்கு மேல் நீந்தின. விருந்து முடிந்ததும் நீ அவற்றைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டாய். அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய்ப் புதிதாய் வாங்கி வந்தாய்.

"நான் சொல்லுங்கோ எண்டு சொன்னன் மாமி. 'இப்ப சொன்னா அம்மா தாங்கமாட்டா' எண்டார். 'அவ பாத்துக் கண்டுபிடிக்கமாட்டா' எண்டும் சொன்னார்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னதற்கு அவளை நான் மதிக்கிறேன். நீ அவளைத் திட்டினாய் என்று கேள்விப்பட்டேன். இனித் திட்டாதே. உன் வீட்டில் உண்மை பேசுகிற ஆள் ஒருவர் இருப்பது உன் அதிர்ஷ்டம்.

சின்னப் பிள்ளையின் மீன் செத்தால் அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கி விடுகிற பெற்றோர் இருக்கிறார்கள். உனக்கு நான் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. அப்பா இறந்த நாளை நினைத்துப் பார். ரெஸ்ரோரண்ட் குசினியில், காலை வேலை தொடங்கும்போதே, அடுப்படியில் சரிந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது. உனக்கு அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில், கொலேஜில், சோதனை. உன் சித்தப்பா, "மச்சாள், பெடியனுக்கு இப்ப சொல்ல வேண்டாம். அப்பா ஆஸ்பத்திரியில எண்டு சொல்லுவம். சோதினை முடியட்டும்" என்றார். அங்கே நின்ற எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். நான் கேட்கவில்லை. மெத்ரோ எடுத்து நேரே உன் கொலேஜுக்கு வந்தேன். ஒரு அலுவலகத்துக்குள் நம் இருவரையும் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். "தம்பி, அப்பா செத்துப்போனார்" என்றேன். நீ அழவில்லை. "எப்ப?" என்று கேட்டாய். "இண்டைக்குக் காலமை." "நான் பாக்கலாமோ?" "ஓம், வா." அவ்வளவுதான். அப்பாவின் கையில் இன்னும் வெங்காய மணம் இருந்தது. நீ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நெஞ்சில் ஈரமில்லாத பெண் என்று ரூ பெர்தொனேயில், நம் தமிழ்க் கடைத்தெருவில், என்னைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. ஆனால் உனக்கு வேலை கிடைத்த அன்று நீயே என்னிடம் சொன்னாய், "அண்டைக்கு நீங்கள் சொல்லாம விட்டிருந்தா, நான் பிறகு உங்களை நம்பியிருக்க மாட்டன் அம்மா" என்று. பதினாலு வயதுப் பிள்ளை தாங்குவான் என்று உன் அம்மா நம்பினாள். அறுபது தாண்டிய அம்மா நத்தைச் சாவைத் தாங்கமாட்டாள் என்று நீ முடிவு செய்தாய்.

அன்று மாலை நீ வந்ததும் கேட்டேன். நீ முதலில் மறுத்தாய். பிறகு குரலை உயர்த்தினாய். "அம்மா, அது வெறும் நத்தை. அதாலதான் நீங்கள் விழுந்தனீங்கள். நான் எவ்வளவு பயந்தனான் தெரியுமோ?" பயந்தாய் என்று தெரியும். அந்தப் பயத்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். "அம்மா, இனி நீங்கள் படியிறங்க வேண்டாம், நான் வந்து தூக்கி வைக்கிறன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பேன். நீ பயத்தைச் சொல்லவில்லை, பொய்யைச் சொன்னாய். அன்றே நான் பெட்டியை எடுத்திருப்பேன். ஆனால், தனியே இருக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக நீ சொல்லியிருந்தாய். அதை நம்பினேன்.

அடுத்த கிழமை, நடைப் பயிற்சிக்காக வீட்டுக்கு வருகிற கினேப் பெண் வந்தாள். வரவேற்பறையில் என்னை முன்னும் பின்னும் நடத்தி, படியில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "மதாம், நீங்கள் ஏன் இன்னும் உங்கள் வீட்டுக்குப் போகவில்லை?" என்று கேட்டாள். டாக்டர் விடவில்லை என்றேன். அவள் புருவம் உயர்த்தினாள். தடியோடு, கவனமாக, வீட்டுக்குப் போகலாம், உதவிக்கு ஒரு ஆள் வந்து போனால் போதும் என்று டாக்டர் என்னை அனுப்பும்போதே சொல்லிவிட்டாராம். எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து நெடுநேரம் பேசினார். வேகமாய்ப் பேசினார், எனக்கு முழுவதும் பிடிபடவில்லை. நான் உன்னைப் பார்த்தேன். "என்னவாம் தம்பி?" நீ ஒரே வரியில் சொன்னாய். "தனிய இருக்கக் கூடாதாம்."

நத்தைக்குக் கூட உன்னை மன்னித்திருப்பேன். இதற்கு முடியவில்லை. ஒரு மனிதர் என் உடம்பைப் பற்றி, என் முகத்தைப் பார்த்துச் சொன்ன நல்ல செய்தியை, நீ இடையில் நின்று விழுங்கிவிட்டாய். என் காது உன்னிடம் இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். நீ கெட்டவன் அல்ல. நீ எனக்கு அறை தயார் செய்தாய், சுவருக்கு வர்ணம் பூசினாய், கட்டிலருகே பிடித்து எழும்பக் கம்பி பூட்டினாய். எல்லாம் கண்டேன். "அம்மா, எங்களோட இருங்கோ" என்று நீ கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன். ஓம் என்றும் சொல்லியிருக்கக் கூடும். நீ கேட்கவே இல்லை. கேட்டால் நான் இல்லை என்று சொல்லிவிடுவேன் என்பதால், கேள்வியையே என்னிடமிருந்து எடுத்துவிட்டாய்.

அன்றே தர்ஷியிடம் சொல்லிவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு எர்-எ-எர் பே ரயிலில் ஏறிவிட்டேன். கார்-து-நோர்ட்டில் இறங்கி ரூ து ஃபொபூர் சேன்-தெனி வழியாக நின்று நின்று நடந்தேன். முற்றத்தில் மதாம் ரோசா என்னைக் கண்டு வாளியைக் கீழே வைத்துவிட்டார். "மதாம், நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்று உங்கள் மகன் சொன்னாரே. கல்தொட்டியையும் எடுத்துப் போகச் சொல்லியிருந்தோம்." அதையும் நீ சொல்லி வைத்திருக்கிறாய். தொட்டி நல்லவேளையாக இன்னும் அங்கேயே இருந்தது. மேலே மெல்லிய பனிக்கட்டி, இந்த வருடம் தண்ணீர் அடிவரை இறுகவில்லை. நான் அதை உடைக்கவில்லை. உடைத்தால் அந்த அதிர்ச்சி கீழே கிடப்பவற்றைத் தாக்கும். ஒரு சட்டியில் வெந்நீர் வைத்து, அந்தச் சட்டியைப் பனியின் மேல் வைத்துக் காத்திருந்தேன். வட்டமாய் உருகியது. கையை விட்டு அடிச்சேற்றைத் துழாவினேன், குளிர் எலும்பில் ஏறியது. இலைக்குழம்புக்குள் ஏதோ கல் போல் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன், வாளியில் அள்ளும்போது என் கைக்குத் தப்பிய நத்தை. இன்னொன்று. இன்னும் சில. வெறும் ஓடா, உயிரா என்று அப்போது தெரியவில்லை. திரும்பச் சேற்றில் வைத்து மூடிவிட்டேன்.

நீ மறுநாள் பெட்டியைக் கொண்டு வந்தாய். மணியை அடித்து, வாசலில் வைத்துவிட்டு, நான் கதவைத் திறக்கும்போது முற்றத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தாய். கூப்பிட்டேன், திரும்பவில்லை. உனக்கும் கோபம் என்று விளங்குகிறது. இருக்கட்டும். கோபத்தோடு வந்து கத்தினாலும் பரவாயில்லை, முதுகைக் காட்டாதே.

இப்போது ஏப்ரல். தொட்டியில் நாலு நத்தைகள் மேலே வந்து கல்லில் பாசி மேய்கின்றன, முந்தாநாள் ஒரு இலையின் அடியில் முட்டைக்கூழும் கண்டேன். வகுப்புகளுக்குக் கொடுக்க இந்த வருடம் போதாது. சோலேனிடம் போய் நடந்ததைச் சொன்னேன், எதையும் குறைக்கவில்லை. "பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்களே" என்றார். மருந்து ஊற்றியவரே வந்து சொல்வார் என்றேன். ஆகவே மே மாதத்தில் அவர்கள் வரும்போது நீ விடுப்பு எடுத்துக்கொண்டு வர வேண்டும். வந்து, செம்பு என்ன செய்தது என்று உன் நல்ல பிரெஞ்சில் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சிலர் அழுவார்கள். நாலு வயதுப் பிள்ளைகள் அழுதுவிட்டு அடுத்த கேள்வி கேட்பார்கள். நீயே பார்.

இலையுதிர்காலம் வந்ததும் வாளியை நான் தூக்கப் போவதில்லை, அதில் உனக்கு வெற்றி. நீ வந்தால் நீ தூக்கு, வராவிட்டால் மதாம் ரோசாவின் மகனைக் கேட்பேன். திரான்சிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவேன், தர்ஷி கூப்பிட்டிருக்கிறாள். அந்த அறையை யாருக்கும் கொடுத்துவிடாதே. ஒரு நாள் நானே கேட்டு வரலாம். வராமலும் விடலாம். அது நான் சொல்ல வேண்டியது.

அடுத்த புதன்கிழமை எனக்கு எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். தர்ஷி வருகிறேன் என்றாள். வேண்டாம், நிதர்சன் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். வந்து என் பக்கத்துக் கதிரையில் இரு. அவர் சொல்வது நல்லதாக இருந்தாலும் சரி, கெட்டதாக இருந்தாலும் சரி. அவர் ஐந்து நிமிடம் பேசினால், நீயும் எனக்கு ஐந்து நிமிடம் பேசு.